பெட்டியில் அச்சிடாத தாமதம்

பையன் நச்சரித்துக் கேட்ட மானிட்டரை வாங்கிக் கொடுத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் ‘144 ஹெர்ட்ஸ், 1 மில்லி விநாடி’ என்று போட்டிருந்தது. அப்படியும், "அப்பா, நான் கிளிக் பண்ணி கொஞ்சம் கழிச்சுத்தான் சுடுது" என்று அவன் குறை சொல்லிக்கொண்டே இருந்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சிரித்து விட்டேன்.

அந்த 1 மில்லி விநாடி என்னவென்று பிறகுதான் தேடிப் படித்தேன். திரையின் ஒரு புள்ளி ஒரு சாம்பல் நிறத்திலிருந்து இன்னொரு சாம்பலுக்கு மாற எடுக்கும் நேரம் அது. ஆங்கிலத்தில் ரெஸ்பான்ஸ் டைம் என்கிறார்கள். எல்.சி.டி. திரையில் மின்னழுத்தம் மாறும்போது திரவப் படிகங்கள் திரும்ப வேண்டும். சில நிறமாற்றங்கள் சட்டென்று நடக்கும், சில இழுக்கும். பெட்டியில் ஏறுவது பெரும்பாலும் இருப்பதிலேயே வேகமான எண். அதுவும் ஓவர்டிரைவ் என்ற அமைப்பை உச்சத்தில் வைத்து, அதாவது கூடுதல் மின்னழுத்தத்தால் படிகங்களை விரட்டி எடுத்தது. அப்படி விரட்டினால் நிறம் இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பும். ஓடும் உருவத்தின் பின்னால் வெளிறிய நிழல் ஒன்று தெரியும். (யாரும் அந்த நிலையில் வைத்து விளையாடுவதில்லை!)

பையன் சொன்னது இதுவல்ல, இன்புட் லேக். கடிதம் மை கலைந்து வருவது ஒன்று, பிந்தி வருவது வேறு. மவுஸ், விளையாட்டு, கிராபிக்ஸ் அட்டை, மானிட்டர் என்று ஒவ்வொரு படியிலும் நேரம் போகிறது. திரை 60 ஹெர்ட்ஸில் ஓடினால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 16.7 மில்லி விநாடி, 144-ல் 6.9, 240-ல் 4.2. படம் மேலிருந்து கீழாக வரையப்படுவதால் திரையின் நடுப்பகுதிக்கு அதில் பாதி நேரம் தாமதம் எப்போதும் உண்டு. தொலைக்காட்சியில் விளையாடினால் இன்னும் மோசம். அசைவை வழவழப்பாக்க அது படங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ‘கேம் மோடு’ அதைத்தான் நிறுத்துகிறது.

அளந்து பார்ப்பது சுலபம். கைபேசியில் விநாடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷன் இருக்கிறதே, அதில் பையனின் விரலும் திரையும் சேர்ந்து தெரியும்படி படம் பிடித்தேன். ஒரு படத்துக்கு 4.2 மில்லி விநாடி. விரல் அழுத்தியதிலிருந்து துப்பாக்கி வெடிப்பது வரை 20 படங்கள், அதாவது 80 மில்லி விநாடிக்கு மேல்!

விண்டோஸ் அமைப்பைத் திறந்து பார்த்தேன். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிய நாள் முதல் 60-லேயே ஓடிக்கொண்டிருந்தது. மாட்டியவன் நான்தான். போதாததற்கு, வரைந்து முடித்த படங்களை வரிசையில் காக்க வைக்கும் வி-சிங்க்கும் விளையாட்டில் போட்டிருந்தது. முதலாவதை 144 ஆக்கி, இரண்டாவதை அணைத்துவிட்டு மறுபடி எண்ணினேன். 8 படங்கள்.

பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லப்பா" என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.