வெப்பக் காற்று எஞ்சின் வீட்டுக்கு ஆகுமா?

மின் கட்டணம் கண்டு மலைக்காத இல்லம் நம் சூரமங்கலத்தில் அரிது. விறகு, உமி, வெயில் எனச் சூடு எதுவாயினும் ஓடக்கூடிய ஸ்டிர்லிங் எஞ்சினை வாங்கி வீட்டிலேயே மின்சாரம் எடுக்கலாமா என்று சிலர் வினவுகின்றனர்.

1816இல் இதற்குக் காப்புரிமை பெற்றவர் ராபர்ட் ஸ்டிர்லிங் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார். (மதபோதகருக்கு எஞ்சினில் என்ன வேலை என்று கேட்டுவிடாதீர்கள்!) உள்ளே அடைபட்ட காற்று ஒருபுறம் சூடேறி விரிகிறது, மறுபுறம் குளிர்ந்து சுருங்குகிறது. அதனால் பிஸ்டன் ஓடுகிறது. நெருப்பு வெளியே இருப்பதால் எதை எரித்தாலும் சரியே.

1980களில் சென்னையிலேயே ஸ்டிர்லிங் டைனமிக்ஸ் என்ற நிறுவனம், உமியால் இயங்கும் 5 குதிரைத்திறன் எஞ்சினைத் தயாரித்தது. ஆயினும் அது பரவவில்லை. தரும் ஆற்றலை நோக்க இவ்வகை எஞ்சினுக்கு எடையும் விலையும் மிகுதி. அமெரிக்காவின் அரிசோனாவில் 2010இல் வெயிலைக் குவிக்கும் 60 தட்டுகளோடு 1.5 மெகாவாட் நிலையம் அமைந்தது. தட்டுகளைத் தயாரித்த நிறுவனம் மறு ஆண்டே திவாலாயிற்று.

வீட்டிலோ, நாளெல்லாம் உமி தள்ளிச் சாம்பல் அள்ளுவது யார்? அச்சுமை இல்லத்தரசியின் தலையில்தான் விழும். புகை வேறு. கூரைமேல் வைக்கும் சூரிய மின்தகட்டிலோ சுழலும் உறுப்பே இல்லை. 2024இல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியமும் உண்டு. வீண்விரயத்தை வெறுக்கும் நாம் எஞ்சினுக்காகச் சேமிப்பைக் கரைக்கலாகாது.

ஓயாமல் அடுப்பெரியும் அரிசி ஆலைக்காரர் வேண்டுமானால் இதனை ஆராயட்டும். அவரும் உதிரிபாகம் உள்ளூரில் கிடைக்குமா என்பதையே முதலில் கேட்கவேண்டும்.