நடந்து வந்தவருக்காகக் கட்டியவை

மதுரையிலிருந்து தூத்துக்குடி போகும் சாலை அருப்புக்கோட்டையைத் தாண்டியதும் கரிசல் காடு விரிகிறது. நிழல் குறைவு; தண்ணீர் அதைவிடக் குறைவு. பேருந்து வராத காலத்தில் இந்த மாதிரி சீமையில் வழிநடந்தவர்களைக் காப்பாற்றியவை கல்மண்டபங்களும் சத்திரங்களும்தான். 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளின் பெயர் சாலைகளோடும் சத்திரங்களோடும் இன்றும் சேர்ந்தே பேசப்படுகிறது. ராமேசுவரம் போகும் பாதைகளில் ராமநாதபுரத்துச் சேதுபதி மன்னர்கள் சத்திரங்கள் கட்டினார்கள்.

ஒரு கல்மண்டபத்துக்குள் நின்று அண்ணாந்து பாருங்கள். தூணின் தலையில் இருபக்கமும் கை நீட்டிய பொதிகை, அதன்மேல் உத்தரம், அதற்கும் மேல் பாவுகல். கல் எவ்வளவு பாரத்தையும் சுமக்கும். வளைய நேர்ந்தால் முறிந்துவிடும். அதனால்தான் தூண்களை நெருக்கி நட்டார்கள். பொதிகை நீட்டும் கை, உத்தரம் தாங்கலின்றிக் கடக்கும் தூரத்தை இன்னும் குறைக்கிறது. பக்கங்கள் திறந்திருப்பதால் காற்று தடையில்லாமல் வரும்.

பெரிய சத்திரங்களில் வாசலில் திண்ணை, உள்ளே முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், பின்கட்டில் சமையல், கிணறு. கூரை காரை மச்சு. மரக்கட்டைகளை வரிசையாகப் போட்டு, செங்கலைக் குத்தாக நிறுத்தி, சுண்ணாம்பில் மூலைவாட்டமாகப் பதிப்பார்கள். மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, நாள்கணக்கில் கட்டையால் அடிப்பார்கள். இப்போது ஒழுக்கு கண்டால் சிமெண்ட் பூசிவிடுகிறார்கள். அது ஈரத்தை உள்ளே அடைத்து மரத்தை உளுக்க வைக்கிறது. சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான் மருந்து.

இங்கிலாந்தின் பழைய விடுதிகளும் முற்றத்தைச் சுற்றியவைதான். லண்டனில் 1677இல் திரும்பக் கட்டிய 'ஜார்ஜ்' விடுதியின் மாடி நடை இன்றும் முற்றத்தைப் பார்த்தபடி இருக்கிறது. ஆனால் அந்த மாதிரி விடுதிகளின் அளவுகளைத் தீர்மானித்தது குதிரை வண்டி: வண்டி நுழைய அகன்ற வாசல், உள்ளே லாயம். தங்குவதற்குக் காசும் கொடுக்க வேண்டும். நம் சத்திரத்துக்கு மனித உடம்பே அளவு. சோறும் இடமும் தர்மம்.

அந்த அளவைச் சுமைதாங்கியில் துல்லியமாகப் பார்க்கலாம். இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் கிடத்தியிருப்பார்கள். உயரம் தோளளவு. தலைச்சுமையை இறக்கவும் மறுபடி ஏற்றவும் ஒத்தாசைக்கு ஆள் தேட வேண்டாம். பிள்ளை வயிற்றிலிருக்கும்போதே இறந்த பெண்களின் நினைவாகப் பலவற்றை நட்டார்கள்.

அருப்புக்கோட்டைக்குப் பக்கத்துத் திருச்சுழியில் வழிப்போக்கருக்கு இடம் தரும் இந்த வழக்கம் வீட்டுக்குள்ளும் இருந்தது. 1879இல் அங்கே பிறந்த ரமண மகரிஷியின் தந்தை சுந்தரமய்யர், தம் வீட்டில் ஒரு பகுதியை வந்துபோகிறவர்களுக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார்.