கிணற்று நீர் கெட்டதா? சான்றைச் சேர்த்து வையுங்கள்

தோல் பதனிடும் ஆலைகள், சாயப்பட்டறைகள் ஆகியவற்றின் கழிவு நீர் ஆற்றிலும் ஓடையிலும் கலந்தால், அதன் கேடு அருகிலுள்ள பாசனக் கிணறுகளில் தெரியத் தொடங்கும். நீர் உப்புக் கரிக்கும். பயிரின் இலை நுனி கருகும். தென்னையில் குரும்பை உதிரும். நாளடைவில் மண்ணும் இறுகிவிடும். "யாரிடம் முறையிடுவது? முறையிட்டால் பலன் உண்டா?" என்று விவசாயிகள் கேட்கிறார்கள். பலன் உண்டு. ஆனால் சட்டம் சான்றைப் பார்த்துத்தான் நகரும்.

சட்டம் தரும் அதிகாரம்

நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-ல் இயற்றப்பட்டது. தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் 1982 பிப்ரவரியில் அமைக்கப்பட்டது. வாரியத்தின் இசைவு இன்றி எந்த ஆலையும் கழிவு நீரை வெளியே விடக்கூடாது. இசைவு பெற்று ஆற்றிலோ நிலத்திலோ விடும் நீரிலும் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான வரம்பு. விதியை மீறும் ஆலையை மூடவும், அதன் மின் இணைப்பைத் துண்டிக்கவும் உத்தரவிடச் சட்டத்தின் 33-ஏ பிரிவு வாரியத்துக்கு அதிகாரம் தருகிறது.

வேலூர் வழக்கு தரும் பாடம்

பாலாற்றுப் பகுதியில் தோல் ஆலைகளின் கழிவு நீரால் ஏற்பட்ட கேட்டை எதிர்த்து, வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் நிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதி இழந்துவிட்டது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு அங்கு எடுத்துக்காட்டப்பட்டது. திண்டுக்கல் பகுதியில் 13 கிராமங்களில் 467 கிணறுகளைப் பார்த்ததில் 350 கிணறுகள் மாசடைந்திருந்த விவரமும் முன்வைக்கப்பட்டது. கெடுத்தவரே இழப்பீடு தரவேண்டும், நிலத்தைச் சீர்படுத்தும் செலவையும் ஏற்கவேண்டும் என்று 1996 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. நிலத்தையும் கிணற்றையும் எண்ணிப் பார்த்து வைத்த கணக்கு அந்த வழக்குக்கு வலுச் சேர்த்தது.

இழப்பீடு விரைவாகக் கைக்கு வந்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். கிடைக்காதவர்களுக்கு அதை வழங்கும்படி உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் மீண்டும் உத்தரவிட நேர்ந்தது. ஆகவே, பல ஆண்டுகள் கழித்துக் கேட்டாலும் எடுத்துக் காட்டும்படி ஆதாரங்களைப் பாதுகாக்கவேண்டும்.

நீர் மாதிரி எடுக்கும் முறை

1. மோட்டாரை 15 முதல் 20 நிமிடம் ஓடவிட்ட பிறகே நீர் பிடிக்கவேண்டும்.

2. சுத்தமான ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரால் மூன்று முறை அலசி, கழுத்து வரை நிரப்பி இறுக மூடவேண்டும்.

3. பெயர், கிராமம், சர்வே எண், கிணற்றின் ஆழம், பயிர், தேதி ஆகியவற்றை எழுதி ஒட்டி, அன்றே அல்லது மறுநாள் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கவேண்டும்.

4. ஆலைக்கு மேற்புறம், அதாவது நீரோட்டம் வரும் திசையில் உள்ள ஒரு கிணற்றிலும் அதே நாளில் மாதிரி எடுக்கவேண்டும். சில இடங்களில் நிலத்தடி நீர் இயற்கையாகவே உப்பாக இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டால்தான் கேடு எங்கிருந்து வந்தது என்பது தெளிவாகும்.

5. கோடையில் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும், ஒவ்வோர் ஆண்டும் அதே கிணறுகளில் எடுக்கவேண்டும்.

அறிக்கையில் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 0.75 டெசிசைமனுக்குள் இருந்தால் பெரும்பாலான பயிர்களுக்குக் கவலையில்லை. 2.25-ஐத் தாண்டினால் பாசனத்துக்கு உகந்ததன்று.

முறையிடுவது எப்படி?

அறிக்கையின் நகலுடன் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு மனு கொடுங்கள். மாவட்ட ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் ஒரு நகல் கொடுத்து, ஒப்புகைச் சீட்டுப் பெறுங்கள். கழிவு நீர் எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த ஓடையில் வந்தது என்று குறித்துக் கொடுத்தால் அதிகாரிகளுக்கு உதவும்.

நீங்கள் பிடித்த மாதிரியை மட்டும் வைத்து ஆலை மீது வழக்கு நடத்த இயலாது. சட்டத்தின் 21-வது பிரிவின்படி, ஆலைக்காரருக்கு அறிவிப்புத் தந்து, கழிவு நீரை இரு பங்காக்கி, முத்திரையிட்டு, கையொப்பம் பெற்று அதிகாரிகள் எடுக்கும் மாதிரியே வழக்கில் செல்லும். அவர்களை அங்கே வரவழைப்பதற்கு உங்கள் அறிக்கை பயன்படும். வாரியம் நடவடிக்கை எடுக்காவிட்டால், 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து எவரும் தாமே நீதிமன்றத்தில் புகார் செய்ய 49-வது பிரிவு இடம் தருகிறது.

காலக்கெடுவை மறக்கவேண்டாம்

இழப்பீடு கோரி பசுமைத் தீர்ப்பாயத்துக்குச் செல்வதானால், பாதிப்பு முதலில் ஏற்பட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் மனு செய்யவேண்டும். அதன் தென்மண்டல அமர்வு சென்னையில் உள்ளது. கிணறு முழுதும் கெடட்டும் என்று காத்திருந்தால் இந்தக் கெடு தவறிப்போகும். தனியாகச் செய்வதைவிட, ஓடையோரக் கிணற்றுக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரே நாளில் மாதிரி எடுப்பது நல்லது. நீர் சற்றே கரிக்கத் தொடங்கியதும் முதல் மாதிரியை எடுத்துவிடுங்கள்.