பிடுங்கினாலும் போகாத கோரை

கோலார் தங்கவயலில் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. சுற்றுவட்டாரத் தக்காளி, கேழ்வரகு நிலங்களில் கோரைக்கிழங்கைத் தோண்டும் வேலை மட்டும் ஓய்ந்தபாடில்லை.

இழுத்தால் தாள் கையோடு வரும். கிழங்கு மண்ணிலேயே தங்கிவிடும். ஏன்? சைப்பெரஸ் ரோட்டண்டஸ் என்னும் இந்தக் கோரை, மண்ணுக்கடியில் மெல்லிய தண்டுகளால் கிழங்குகளைச் சங்கிலியாகக் கோத்து வைக்கிறது. முன்னே முளைத்த கிழங்கு, மற்றவற்றின் மொட்டுகளைப் பெரும்பாலும் அடக்கியே வைக்கும். கலப்பை சங்கிலியை அறுத்ததும் அவை தனித்தனியே முளைக்கும். களையை ஒழிக்க உழுதவரே அதற்கு நாற்று நட்ட கதைதான்!

அதன் உறவான சைப்பெரஸ் டிஃபார்மிஸுக்குக் கிழங்கே கிடையாது. விதையை நம்பிப் பிழைக்கும் ஓராண்டுச் செடி, பூங்கொத்து உருண்டை. ரோட்டண்டஸின் கதிரோ செம்பழுப்பாக விரிந்திருக்கும். இரண்டின் தாளும் முக்கோணம்தான்.

நெல்வயலும் பேத்தமங்கலம் ஏரி போன்ற நீர்நிலைகளின் ஈர ஓரமும் டிஃபார்மிஸுக்குத் தோதானவை. அதன் ஒளிச்சேர்க்கை, நெல்லைப் போல சி3 வகை. ரோட்டண்டஸ் சி4 வகை. கடும் வெயிலிலும் நீரைச் சிக்கனமாகச் செலவழித்து வளரும்.

டிஃபார்மிஸை விதை முற்றுமுன் பிடுங்கினால் அந்தப் பருவத்துக்குத் தொல்லை குறையும். ரோட்டண்டஸுக்குக் கோடை உழவு வேண்டும்: மேலே வந்த கிழங்குகள் வெயிலில் நன்றாக உலர்ந்தால்தான் சாகும்.