ஓட்டு கேட்காத 99 பேர்... மாறிய அயர்லாந்து சட்டம்!

அயர்லாந்தில் 1983 முதல் கருக்கலைப்புக்கு அரசியல் சட்டமே தடை. 2012-ல் இந்தியப் பல் மருத்துவர் சவிதா, கருக்கலைப்பு மறுக்கப்பட்டு கால்வே நகரில் இறந்தபோது நாடே கொதித்தது. ஆனாலும் அரசியல்வாதிகள் தயங்கினார்கள்.

2016-ல் 'மக்கள் மன்றம்' அமைத்தது அரசு. வயது, பாலினம், பகுதி, சமூக நிலை பார்த்து, நாட்டின் மாதிரியாக 99 சாதாரண மக்கள். தலைமை, உச்ச நீதிமன்ற நீதிபதி மேரி லஃபாய். மருத்துவர்கள், சட்ட நிபுணர்கள், இரு தரப்பு அமைப்புகள் என எல்லோர் பேச்சையும் ஐந்து வார இறுதிகளில் கேட்டார்கள். வட்ட மேசைகளில் விவாதம். ஒருவரே பேசிக்கொண்டிருக்காமல் பார்த்துக்கொள்ள மேசைக்கு ஒரு நெறியாளர். கடைசியில் ரகசிய வாக்கெடுப்பு.

தடையை மாற்றச் சொன்னது மன்றம். எதிர்ப்பாளர்களோ, 'இது ஒருதலைப்பட்சம்' என்றார்கள். கடைசி வார்த்தை மக்களுடையது: 2018 மே 25 பொது வாக்கெடுப்பில், தடையை நீக்க 66.4% பேர் ஆதரவு!