வீட்டு நீர்ச்சூடேற்றியில் கசிவு

நீர்ச்சூடேற்றிக் கசிவு என்பது, குளியலறையில் பொருத்தப்படும் மின் நீர்ச்சூடேற்றியின் தொட்டி, குழாய் இணைப்பு, வால்வு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றிலிருந்து நீர் ஒழுகுவதைக் குறிக்கும். பேச்சு வழக்கில் இக்கருவி ஹீட்டர் அல்லது கீசர் எனப்படுகிறது. கீசர் என்னும் சொல் ஐஸ்லாந்தின் வெந்நீர் ஊற்று ஒன்றின் பெயரிலிருந்து வந்தது. கசிவுகளில் சில சாதாரணமானவை, சில உயிருக்கு ஆபத்தானவை. எந்த இடத்திலிருந்து, எந்த நேரத்தில் ஒழுகுகிறது என்பதைக் கொண்டே இரண்டையும் பிரித்தறிய முடியும்.

ஆத்தூரின் நீர்

சேலம் மாவட்டத்தின் ஆத்தூர் வசிஷ்ட நதிக்கரையில் அமைந்த நகரம். மேட்டூரிலிருந்து வரும் காவிரி நீர் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுகிறது. குளிக்கவும் துவைக்கவும் பல வீடுகள் ஆழ்துளைக் கிணற்றையே நம்பியுள்ளன. இப்பகுதி கடினப் பாறை நிலம் ஆதலால், பாறை இடுக்குகளில் தங்கும் நீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் கரைந்திருக்கும். மக்கள் இதை உப்புத் தண்ணீர் என்பர். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பதை ஏற்கிறது. வேறு நீர் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது.

கடின நீரைச் சூடாக்கும்போது அதில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட் சிதைந்து, கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் காணும் வெள்ளைப் படிவு இதுவே. ஹீட்டரில் இது முதலில் காயிலின் மேல் படியும். படிவு வெப்பத்தை நீருக்குச் செல்லவிடாது தடுப்பதால் காயில் அளவுக்கு மீறிச் சூடாகி, அதன் உறை வெடிக்கும். அப்போது நீர் மின்கம்பியைத் தொடுகிறது.

பாதுகாப்பு வால்வு சொட்டுதல்

பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான். 15 லிட்டர் நீரை 25 டிகிரி செல்சியசிலிருந்து 75 டிகிரிக்குச் சூடாக்கினால், அது ஏறக்குறைய மூன்றில் ஒரு லிட்டர் அளவுக்கு விரிவடையும். ஹீட்டருக்குள் வரும் குழாயில் நீர் திரும்பிச் செல்லாதபடி தடுக்கும் வால்வு இருந்தால், விரிந்த நீருக்குப் போக்கிடம் இல்லை. அழுத்தம் உயர்ந்து, பொதுவாக 8 பார் அளவில் பாதுகாப்பு வால்வு திறந்து, மிகுதி நீரைச் சொட்டுச் சொட்டாக வெளியேற்றும். சூடாகும்போது சொட்டி, பின்னர் நின்றுவிட்டால் வால்வு தன் வேலையைச் செய்கிறது என்று பொருள்.

ஹீட்டர் அணைந்து, நீர் குளிர்ந்த பிறகும் விடாமல் சொட்டினால் நிலைமை வேறு. மாடித் தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் அது தரும் அழுத்தம் 1 பார் மட்டுமே. 8 பாரில் திறக்க வேண்டிய வால்வு அதற்குத் திறக்கக் கூடாது. பெரும்பாலும் வால்வின் இருக்கையில் உப்பு படிந்திருக்கும், அல்லது அதன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். வால்வை மாற்ற வேண்டும். சொட்டுகிறது என்பதற்காக அதன் வாயை மூடி போட்டு அடைப்பது மிகவும் ஆபத்தானது. தெர்மோஸ்டாட்டும் பழுதாகிவிட்டால், அடைபட்ட தொட்டி வெடிக்கக்கூடும். முன்காலத்தில் வீடுகளில் இருந்த செம்புத் தவலைக்கும் பாய்லருக்கும் இந்த வால்வு தேவைப்படவில்லை. அவற்றின் வாய் திறந்தே இருந்தது. ஓட்டை விழுந்தால் ஈயம் வைத்துப் பற்றினால் போதும்.

பிற இடங்கள்

குழாய் சேரும் நட்டுகளில் ஒழுகினால் வாஷரையோ இணைப்புக் குழாயையோ மாற்றினால் சரியாகும். அடித்தட்டின் நடுவில், காயில் பொருத்திய இடத்தில் ஒழுகினால் ரப்பர் கேஸ்கெட் கெட்டிருக்கும். இவ்விரண்டும் சிறு செலவில் முடிபவை.

வெளிக்கூட்டின் விளிம்பிலிருந்து, சில நேரம் துரு நிறத்தோடு நீர் வழிந்தால் உள்தொட்டியே ஓட்டையாகிவிட்டது. ஓட்டை, வெப்பக்காப்பு நுரைக்கு உள்ளே இருப்பதால் வெளியே எம்-சீல் பூசுவதால் பயனில்லை. ஹீட்டரை மாற்றுவதே வழி. இரும்புத் தொட்டி துருப்பிடிக்காமல் காக்க அதனுள் மக்னீசியம் கம்பி ஒன்று வைக்கப்பட்டிருக்கும். இரும்பைவிட மக்னீசியம் எளிதில் வினைபுரிவதால், தான் அரிபட்டு இரும்பைக் காக்கிறது. கம்பி தீர்ந்தபின் அரிப்பு தொட்டியின் மேல் திரும்பும். உப்பு மிகுந்த நீரில் கம்பி விரைவில் தீரும் என்பதால், உப்புத் தண்ணீர் ஓடும் வீடுகளில் ஆண்டுக்கொரு முறை திறந்து பார்ப்பது நல்லது. விலை குறைந்த இந்தக் கம்பியை உரிய காலத்தில் மாற்றாததால் வீணாகும் தொட்டிகள் பல.

கசிவு கண்டால் செய்ய வேண்டியவை

முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். அதுவும் ஈரமான குளியலறைச் சுவிட்சில் அல்ல, வீட்டின் மெயின் பெட்டியில் உள்ள எம்.சி.பி.யில். 2,000 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 9 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுப்பது. ஆனால் மனித உடலில் அதில் மிகச் சிறு பகுதி பாய்ந்தாலே இதயம் நின்றுவிடும். இதனால்தான் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பரிந்துரைக்கப்படுகிறது. ஹீட்டர் போட்டவுடன் அது விழுந்தால், மீண்டும் மீண்டும் தூக்கிவிடாமல் காயிலைச் சோதிக்க வேண்டும். எர்த் இணைப்பும் சரியாக இருக்க வேண்டும்.

அடுத்து, ஹீட்டருக்கு நீர் வரும் ஆங்கிள் வால்வை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். இப்போது குழாயில் நீர் நின்றுவிடும்; ஆனால் தொட்டி காலியாகிவிட்டது என்று எண்ணக் கூடாது. சுவரில் செங்குத்தாக மாட்டும் ஹீட்டர்களில் வெந்நீர், தொட்டியின் உச்சிவரை செல்லும் குழாய் வழியாக எடுக்கப்படுகிறது. எனவே 15 லிட்டரும் சூடாக உள்ளேயே இருக்கும். நீர் ஆறியபின், வெந்நீர்க் குழாயைத் திறந்தே வைத்து, நீர் உள்ளே வரும் பக்கத்து இணைப்பைக் கழற்றினால் தொட்டி வடியும்.

பழுது நீக்கிய பிறகு, வெந்நீர்க் குழாயில் காற்று வெளியேறி நீர் சீராகக் கொட்டும்வரை சுவிட்சைப் போடக் கூடாது. தொட்டி நிரம்பும் முன் போட்டால் புதிய காயிலும் எரிந்துவிடும்.