எண்ணைக் கண்டு மிரளுமுன் காலத்தைக் கேளுங்கள்

நம் சங்கத்துக் குடும்பங்களில் முன்தலைமுறையினர் பலர் ரயில்வேயிலும் தபால் இலாகாவிலும் பணிபுரிந்தவர்கள். அவர்தம் பிள்ளைகளிற் பலர் இன்று கம்பெனிகளின் சர்வர் அறைகளில் இரவெல்லாம் கண்விழிக்கிறார்கள். அத்தகைய பிள்ளை ஒருவருக்கு நேர்ந்த சங்கடத்தை, மற்றவர்க்கும் பயன்படும் என்று கருதி இங்கே எழுதுகிறோம்.

அண்டை வீட்டுப் பிள்ளை அவர்; ஒப்பந்த ஊழியர்; இரவுப் பணி. ஒருநாள் காலை வாடிய முகத்துடன் நம் வீட்டுக்கு வந்தார். "அண்ணா, இரவு நான் பார்த்தபோது வரைபடத்தில் 1,200 இருந்தது. காலையில் மேலதிகாரி பார்த்தபோது 18,000. இரவில் நான் ஏதோ செய்து கெடுத்துவிட்டதாகச் சொல்கிறார். வேலை நிலைக்குமா என்றே தெரியவில்லை" என்றார்.

விஷயம் இதுதான். ஒரு பெரிய சர்வருக்குள் பல மெய்நிகர் கணினிகள் குடியிருக்கின்றன. அவற்றுள் ஒன்று வேலைக்குத் தயாராக இருந்தும், சிபியு ஒழியாமையால் காத்துக் கிடக்கும் நேரத்தை விஎம்வேர் வரைபடம் 'சிபியு ரெடி' என்று காட்டுகிறது. வண்டி வந்துவிட்டது; பிளாட்பாரம் காலியில்லை; அவுட்டர் சிக்னலில் நிற்கிறது. ரயில்வே குமாஸ்தாவாகிய நமக்கு இது விளங்காத சங்கதியன்று.

நாம் கேட்ட கேள்வி ஒன்றே: "தம்பி, இந்த எண் எவ்வளவு நேரத்துக்குரியது?"

விடை அதிலேயே இருந்தது. அந்த எண் சதவீதமன்று; காத்திருந்த மில்லிசெகண்டுகளின் கூட்டுத்தொகை. உடனுக்குடன் காட்டும் வரைபடத்தில் ஒவ்வொரு புள்ளியும் 20 விநாடிக்குரியது. ஒருநாள் வரைபடத்திலோ 5 நிமிடத்துக்குரியது. 20,000 மில்லிசெகண்டில் 1,200 என்றால் 6 சதவீதம். 3,00,000 மில்லிசெகண்டில் 18,000 என்றாலும் அதே 6 சதவீதந்தான்! ஒரு மணி நேரத்தில் வண்டிகள் தாமதித்த நிமிஷங்களையும், ஒரு நாள் முழுதும் தாமதித்த நிமிஷங்களையும் ஒப்பிட்டு, ஸ்டேஷன் மாஸ்டர்மேல் குற்றம் சாட்டலாமா?

அந்த மெய்நிகர் கணினிக்கு ஒரே சிபியுதான் ஒதுக்கியிருந்தது. நான்கு இருந்திருப்பின் கூட்டுத்தொகையை நான்கால் வகுக்கவும் வேண்டும். 6 சதவீதமும் புறக்கணிக்கத்தக்கதன்று. 5 சதவீதத்தைக் கடந்தாலே கவனிப்பது நல்லது என்பர் அனுபவசாலிகள். நெரிசல் உண்மையாயின், அக்கணினியை ஒழிவான வேறு சர்வருக்கு மாற்றலாம்.

இன்னும் இரண்டு மயக்கங்களை அப்பிள்ளையிடமிருந்தே அறிந்தோம். முதலாவது, உண்மையான நெரிசல் மறைந்துபோவது. ஒரு வார வரைபடத்தில் ஒரு புள்ளி 30 நிமிடத்தின் சராசரி. இரண்டு நிமிடம் சிபியு 100 சதவீதமும், மீதி 28 நிமிடம் 10 சதவீதமும் உழைத்தால், அங்கே தெரிவது வெறும் 16. நுட்பமான 20 விநாடிக் கணக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரமே நிற்கும். ஆகவே, கோளாறு நிகழும்போதே அதனை எடுத்து வைத்துக்கொள்க.

இரண்டாவது, கடிகாரம். அந்த சர்வர்களின் குறிப்பேடு உலகப் பொது நேரத்தில் எழுதப்படுகிறது. நம் இரவு 11 மணி அதில் 17.30. இதையறியாதவர், இரவுப் பணியாளர் செய்ததை மாலைப் பணியாளர் தலையில் கட்டிவிடக்கூடும். 1906-இல் இந்தியாவுக்கு ஒரே நேரம் வகுக்கப்படுமுன் ரயில்வேயினர் சென்னை நேரத்தையும் ஊர் நேரத்தையும் வைத்துக்கொண்டு பட்ட பாடு இதுவே.

கணக்கை ஒரே தாளில் எழுதிக்கொண்டு மறுநாள் அப்பிள்ளை சென்றார். மேலதிகாரி இருமுறை பெருக்கிப் பார்த்துவிட்டு, "சரிதான்" என்றாராம். மன்னிப்புக் கேட்கவில்லை, வேலை நிலைத்தது.

அயலூரில் பிழைக்க வந்த நம் பிள்ளைகளுக்காகப் பரிந்து பேச அங்கே மாமனும் இல்லை, சித்தப்பனும் இல்லை. கணக்கே அவர்களுக்குத் துணை. எந்த எண்ணைக் கண்டாலும் அதன் அளவென்ன, காலமென்ன என்று முதலில் கேட்கும் வழக்கத்தை அவர்களுக்கு நாம் பழக்குவோமாக.